குப்பியைக் கொடுப்பவர்கள் சொல்லாமல் விடுவது

'இரத்தம், சிறுநீர், சளி, மலம் பரிசோதிக்கப்படும்' என்று எழுதிய பலகையைத் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் பார்க்கலாம். உள்ளே போனால் இரத்தத்துக்கு ஒரு மரியாதை உண்டு. கையில் பட்டை கட்டி, நரம்பைத் தேடி, பஞ்சால் துடைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் அதை எடுக்கிறார். சிறுநீருக்கு அந்த மரியாதை கிடையாது. மூடியிட்ட பிளாஸ்டிக் குப்பி ஒன்று நோயாளியின் கையில் திணிக்கப்படுகிறது. "யூரின் பிடிச்சிட்டு வாங்க, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எப்படிப் பிடிப்பது, எதை விடுவது, எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பது என்பவை குறித்து ஒரு சொல்லும் இல்லை. மாதிரி எடுக்கும் வேலையை அதில் எந்தப் பயிற்சியும் இல்லாத நோயாளியிடம் ஒப்படைத்துவிட்டு, வருகிற முடிவை மட்டும் அறிவியலின் தீர்ப்பாக அச்சிட்டுக் கொடுக்கும் விசித்திரம் இது.

ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் வீண் பயன்பாடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சீட்டில்லாமல் மாத்திரை விற்கும் கடைக்காரரைத் திட்டுகிறோம். சளிக்கும் காய்ச்சலுக்கும் அள்ளி எழுதும் மருத்துவரைத் திட்டுகிறோம். மூன்று நாளில் மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளியைத் திட்டுகிறோம். திட்டுகளில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சீட்டு எழுதப்படுவதற்கும் முன்பே, பரிசோதனைக் கூடத்தின் கழிப்பறையிலேயே தொடங்கிவிடும் ஒரு வழி உண்டு. அந்த வழியை அடைக்கப் பணம் வேண்டியதில்லை, சட்டம் வேண்டியதில்லை. நல்ல தமிழில் நான்கைந்து வாக்கியங்கள் போதும். அந்த வாக்கியங்கள் எழுதப்படாமலும் சொல்லப்படாமலும் கிடக்கின்றன என்பதே நமது குற்றச்சாட்டு.

(நுண்ணுயிர்க்கொல்லி, உயிரெதிரி, எதிர் உயிரி என்று கலைச்சொல்லாக்கத்தில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம். மருந்துக்கடையில் சீட்டை நீட்டும் எவரும் இவற்றில் ஒன்றையும் உச்சரிப்பதில்லை என்பதால் ஆன்டிபயாட்டிக் என்றே எழுதிச் செல்கிறோம்.)

விஷயம் எளியது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் நீர் குப்பியை அடைவதற்கு முன் தோலைத் தொட்டுத்தான் வரவேண்டும். சிறுநீர்க்குழாயின் முகப்பிலும், அதைச் சுற்றியுள்ள தோலிலும், பெண்களுக்கு யோனியின் வாயிலிலும் நுண்ணுயிர்கள் எப்போதும் குடியிருக்கின்றன. அவை நோய் அல்ல. அந்த இடத்தின் வாசிகள். முதலில் பீறிட்டு வரும் நீர் இவற்றையெல்லாம் அலசிக்கொண்டு வருகிறது. அதைப் பிடித்துக் கொடுத்தால், சோதனைத் தட்டில் வளர்வது சிறுநீர்ப்பையின் கிருமியா, தோலின் கிருமியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவேதான் முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். நடுத்தாரை என்று அதைத் தமிழில் அழகாகவே சொல்லலாம்.

இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. சிறுநீர் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. ஈ.கோலை போன்ற கிருமி சாதகமான வெதுவெதுப்பில் 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது. கணக்குக்காக அரை மணி என்றே வைத்துக்கொள்வோம். தோலிலிருந்து தொற்றி, ஒரு மில்லிலிட்டருக்கு வெறும் 1,000 என்ற அளவில் குப்பிக்குள் போன கிருமி, மூன்றரை மணி நேரத்தில் 1,28,000 ஆகிவிடும். விடியற்காலையில் வீட்டில் பிடித்து, பையில் வைத்து, இரண்டு பேருந்து மாறி, வரிசையில் நின்று கொடுக்கப்படும் குப்பி சித்திரை வெயிலில் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த 1,00,000 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1956-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ், ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 அல்லது அதற்கு மேல் நுண்ணுயிர்கள் வளர்ந்தால் அது சிறுநீர்ப்பையிலிருந்தே வந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று ஓர் எல்லையைக் காட்டினார். மாசுபட்ட மாதிரியையும் உண்மையான கிருமியையும் பிரித்தறியும் தேவையிலிருந்து பிறந்த எல்லை அது. அதாவது, மாதிரிகள் சுத்தமாக வருவதில்லை என்ற ஒப்புதல் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தொல்லை உள்ள பெண்களிடம் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்தத் தக்கதே என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. எண் மட்டும் தனியே நின்று எதையும் சொல்லாது என்பதுதான் மருத்துவம் கண்ட பாடம். நம் ஊர் அறிக்கைகளிலோ எண் தடித்த எழுத்தில் அச்சாகிறது. அதன் கீழே எந்தெந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்ற பட்டியல் நீள்கிறது. இப்படி ஒரு பட்டியல் கையில் வந்த பிறகு மருந்து எழுதாமல் அனுப்பும் மருத்துவருக்கு உண்மையான மனவுறுதி வேண்டும். எழுதாவிட்டால் நோயாளி அடுத்த தெருவில் இருக்கும் மருத்துவரிடம் போவார் என்பதையும் அவர் அறிவார்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மற்ற பாதி இன்னும் கசப்பானது. மாதிரியை முறையாகவே பிடித்து, உடனடியாகவே சோதித்து, கிருமி உண்மையாகவே இருக்கிறது என்று தெரிந்தாலும், உடலில் தொல்லை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலோருக்கு மருந்து தேவையில்லை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கருவுற்ற பெண்களுக்கும், சிறுநீர்ப்பாதையின் உட்சவ்வைக் காயப்படுத்தக்கூடிய சிகிச்சைக்குத் தயாராகிறவர்களுக்கும் தேடிக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களாக இருந்தாலும், முதியவர்களாக இருந்தாலும், தொல்லை இல்லாதபோது தேடவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 விழுக்காட்டினரிடம் இப்படித் தொல்லையற்ற கிருமி இருக்கலாம் என்பது அதே வழிகாட்டுதலில் உள்ள கணக்கு. நீண்ட நாள் குழாய் பொருத்தியிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும்.

இந்தச் செய்தி நம் வீடுகளை எட்டவேயில்லை. பாட்டியின் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்று மகன் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். முழு உடல் பரிசோதனைச் சலுகைத் திட்டத்தில் சிறுநீர்ச் சோதனையும் சேர்ந்து வருகிறது. அதில் சீழணுக்கள் நான்கைந்து என்று கண்டால் அடுத்து கல்ச்சர், அடுத்து மாத்திரை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே நிறம் மாறும், வாடை கூடும். வெயில் காலத்தில் சூடு பிடித்துக்கொண்டது என்று நீர்மோரும் இளநீரும் கொடுத்த நம் முன்னோர்களின் மருத்துவத்தை ஆராதிக்க நாம் வரவில்லை. நீர்க்கடுப்பும், அடிக்கடி உந்துதலும், காய்ச்சலும் குளிரும், விலாப்புற வலியும் இருந்தால் மோரை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது; மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் நிறத்தையும் வாடையையும் மட்டும் கண்டு பதறாமல், முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கும் நிதானம் அந்தப் பழக்கத்தில் இருந்தது. சலுகைத் திட்டத்தில் அது இல்லை.

வீண் மருந்து ஒன்றும் செய்யாமல் போய்விடும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு எளிதாக எழுதப்பட்டு வந்த சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகள் தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக் கூடியவை என்பதால், வேறு மருந்து இருக்கும்போது எளிய சிறுநீர்த் தொற்றுக்கு அவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. இது தனிமனிதருக்கு நேரும் கேடு. ஊருக்கு நேரும் கேடு வேறு: தேவையின்றி விழுங்கப்படும் ஒவ்வொரு வேளையும் குடலில் வாழும் கோடிக்கணக்கான கிருமிகளில் மருந்துக்கு மசியாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. அவைதான் நாளை சிறுநீர்ப்பாதைக்கு ஏறும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் போகும். மருந்துக்கு மசியாத கிருமிகளால் மட்டுமே 2019-ஆம் ஆண்டில் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்ற மதிப்பீடு 2022-இல் லான்செட் இதழில் வந்தது.

இதில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்தியாவுக்கு வந்து சென்ற ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரின் சிறுநீரில் 2008-இல் கண்டறியப்பட்ட கிருமி, கடைசிப் புகலிடமான கார்பபீனம் மருந்துகளையும் சிதைக்கும் ஒரு நொதியை வைத்திருந்தது. அதற்குப் புதுடெல்லியின் பெயரே வைக்கப்பட்டது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பன்னாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து லான்செட் தொற்றுநோய் இதழில் எழுதிய கட்டுரையில், இந்த நொதியுள்ள 44 கிருமிகள் சென்னையிலிருந்து எடுக்கப்பட்டவை. அப்போது நாடே கொதித்தது. எதற்காக? தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைத்துவிட்டார்களே என்பதற்காக. மருத்துவச் சுற்றுலா கெட்டுவிடுமே என்பதற்காக. அந்த ஆய்வில் இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளில் மருத்துவமனைக்கு வெளியே, சாதாரண வாழ்வில் உண்டான சிறுநீர்த் தொற்றுகளும் இருந்தன என்பது அந்தக் கொதிப்பில் அமுங்கிப்போயிற்று. பெயரைப் பற்றிய மானவுணர்ச்சி நமக்கு எப்போதும் கைவசம் இருக்கிறது. பொருளைப் பற்றிய அக்கறைதான் தேடினாலும் கிடைப்பதில்லை.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2012-இல் மருத்துவர் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்து, அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைகள் யாருக்கு, எவ்வளவு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. இவை பெரும்பாலும் மருந்தின் பக்கம் நின்று போட்ட பூட்டுகள். மருந்து தேவை என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும் அந்தக் குப்பியின் பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

எதிர்வாதங்கள் உண்டு. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க முடியாத மருத்துவர் சிறுநீர் பிடிக்கும் முறையை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா என்பது ஒன்று. முடியாதுதான். சுவர் பேசலாமே. கட்டண விவரத்தையும், ஞாயிறு அரைநாள் என்பதையும், செல்பேசியை அணைத்து வையுங்கள் என்பதையும் பேசுகிற சுவர் இதையும் பேசட்டும்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சிறுநீர்த் தொல்லையோடு வந்த இளம்பெண்களை மூன்று பிரிவாக்கி, சுத்தம் செய்யாமலும், சுத்தம் செய்து நடுத்தாரையாகவும், அதற்கும் மேலான கவனத்தோடும் மாதிரி எடுக்கச் சொன்னது. மூன்று பிரிவிலும் மாசுபட்ட மாதிரிகள் 30 விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. அப்படியானால் சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். சில மணி நேரம் வெளியே கிடந்த குப்பியைப் பற்றியோ, ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவரப்பட்ட நீரைப் பற்றியோ, குழந்தையின் தொடையிடுக்கில் ஒட்டிய பையிலிருந்தும் குழாய் பொருத்தியவரின் சேகரிப்புப் பையிலிருந்தும் எடுத்த மாதிரியைப் பற்றியோ அந்த ஆய்வு பேசவில்லை என்பது நமது முதல் பதில். நம் ஊரில் கேடு விளைவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டாவது பதிலை அந்த ஆய்வே தருகிறது. கவனமாக எடுத்தாலும் பத்தில் மூன்று மாதிரி மாசுபடும் என்றால், அந்த உண்மையை நோயாளிக்குச் சொல்ல வேண்டாமா? 'கலப்பு வளர்ச்சி' என்று அறிக்கையில் இருந்தால் அதற்குப் பொருள் பல கிருமிகள் தாக்கிவிட்டன என்பதல்ல, மாதிரி கெட்டுவிட்டது என்பதே பெரும்பாலும் என்று தெரிந்த நோயாளி மாத்திரை கேட்கமாட்டார். இன்னொரு குப்பி கேட்பார்.

இங்கே பழந்தமிழைச் சற்றுத் துணைக்கழைக்க வேண்டியிருக்கிறது. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறிப் பாடல்கள் சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குப் பழக்கமானவை. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றையும், அதில் விட்ட எண்ணெய்த் துளி பரவும் வடிவத்தையும் கண்டு நோயைக் கணிக்கும் முறை அது. அந்தக் கணிப்பை இன்றைய நுண்ணுயிரியலோடு கோத்து, அன்றே அனைத்தும் அறிந்திருந்தோம் என்று முழங்குபவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கிருமி என்ற ஒன்றை அறியாத காலத்து முறை அது. நாம் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. நீரைப் பார்க்கும் இலக்கணத்தைச் சொல்லும் முன், அதை எப்படி எடுக்க வேண்டும் என்று அந்தப் பாடல் சொல்லிவிடுகிறது: முந்தைய நாள் ஒன்றுக்கொன்று மாறுபடாத உணவை அளவோடு, வேளை தவறாமல் உண்டு, நன்றாக உறங்கி, வைகறையில் கண்ணாடிக் கலத்தில் பிடித்து, ஒரு முகூர்த்தத்துக்குள் பார்த்துவிட வேண்டும். முகூர்த்தம் என்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். நோயாளி என்ன செய்ய வேண்டும், எந்தக் கலத்தில், எந்த வேளையில், எவ்வளவு நேரத்துக்குள் என்பவை சோதனையின் பகுதியாகவே, செய்யுளுக்குள்ளேயே இருந்தன. நம்மிடம் கருவிகள் ஆயிரம் மடங்கு கூர்மையாகிவிட்டன. அந்த முன்குறிப்பு மட்டும் உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்ததற்கு ஒரு காரணம் கூச்சம். குப்பியைக் கொடுப்பவர் பெரும்பாலும் இருபது வயது ஊழியர். வாங்குபவர் ஐம்பது வயதுப் பெண். 'மடிப்புகளை விலக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று எந்தச் சொல்லில் அவர் சொல்வார்? பாடநூலின் சொல் இருவருக்கும் விளங்காது. தெருவின் சொல் வசையாகிவிட்டது. இடையில் ஒன்றுமில்லை. 2002-இல் குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்பு 'முலைகள்' என்ற தலைப்போடு வந்தபோது எழுந்த கூச்சலைச் சிற்றிதழ் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உடலின் பெயர்களைக் கவிதைக்குள்கூட அனுமதிக்கத் தயங்கிய மொழிச்சூழலில், அவற்றைப் பரிசோதனைக் கூடத்தின் சுவரில் எதிர்பார்ப்பது அதிகம்தான். ஆயினும் கூச்சத்தின் விலையைக் கட்டுவது யார் என்று பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. மாதிரி மாசுபடுவதும் அவர்களிடமே மிகுதி. வீண் மருந்தை விழுங்குவதும் அவர்களே.

ஆகவே சுவரில் ஒட்டத்தக்க வாசகம் ஒன்றை நாமே எழுதிப் பார்த்தோம்:

'கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெண்கள், சிறுநீர் வரும் இடத்தைச் சுற்றி வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைத்து, அங்குள்ள மடிப்புகளை ஒரு கை விரல்களால் விலக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்கள், முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவுங்கள். முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். நிறுத்தாமல், நடுவில் வருவதைக் குப்பியில் பிடியுங்கள். பாதிக் குப்பி போதும். மீதியையும் கழிப்பறையில் விடுங்கள். குப்பியின் உட்புறத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக் கூடாது. உடனே மூடி, பிடித்த நேரத்தைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள், ஃபிரீசரில் வைக்காதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தாலும், ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்கள்.'

இதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது. படிக்கத் தெரியாதவருக்கு ஊழியர் வாசித்துச் சொல்லலாம். எழுதியதை வாசிக்கும்போது கூச்சம் பாதியாகிவிடும். ஆனால் இதை ஒட்டுவதோடு பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று கூடங்களின் உரிமையாளர்கள் எண்ண வேண்டாம். தாழ்ப்பாள் இல்லாத, குழாயில் தண்ணீர் வராத, குப்பியையும் மூடியையும் வைக்க ஒரு சாண் பலகைகூட இல்லாத கழிப்பறையின் கதவில் இதை ஒட்டினால் அது கேலிச்சித்திரமாகவே இருக்கும். லட்சக்கணக்கில் கருவி வாங்கியவர்கள் ஒரு பலகையும் தாழ்ப்பாளும் வாங்கலாம்.

வாசகத்தில் எவருக்கும் உரிமையில்லை. எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், 'மடிப்பு', 'முன்தோல்' என்பவற்றுக்கு அவரவர் வட்டாரத்தில் இன்னும் நல்ல சொல் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இடம் போதவில்லை என்று எந்த வரியைச் சுருக்கினாலும், முதலில் வருவதை விட்டுவிடுங்கள் என்ற வரியையும், ஒரு மணி நேரம் என்ற வரியையும் மட்டும் வெட்ட வேண்டாம்.